புல்வெட்டிக்கு அடியில் அடையும் புல்: தடுக்க நான் கடைப்பிடிக்கும் வழிகள்

புல்வெட்டி ஓடிய தடத்தில் பச்சைக் கட்டிகள் விழ ஆரம்பித்தால் எல்லோரும் முதலில் பிளேடைத்தான் சந்தேகப்படுகிறார்கள். தீட்டிப் பார்ப்பார்கள், புதிது வாங்கி மாட்டுவார்கள், இன்ஜினில் இழுவை குறைந்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவார்கள். நான் பார்த்தவரை பல சமயம் கோளாறு அங்கே இருப்பதில்லை. பிளேடை மேலிருந்து மூடியிருக்கும் தகட்டுக் கூட்டை டெக் என்பார்கள். அந்த டெக்குக்கு அடியில், பிளேடுக்கு மேலே, விரல் தடிமனுக்கு அடைந்து கிடக்கும் புல்தான் காரணம். பல வருடங்களாக ஒரு பெரிய புல்வெளியைப் பராமரித்து வருகிறேன். தள்ளிக்கொண்டு போகும் பெட்ரோல் புல்வெட்டி, மேலே உட்கார்ந்து ஓட்டும் வண்டி, பேட்டரியில் ஓடுவது என்று மூன்றும் கைக்குப் பழக்கம். அடைந்த புல்லைச் சுரண்டி எடுப்பதைவிட அடையவிடாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவோ சுலபம். அதை எப்படிச் செய்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டெக்கை நாம் ஒரு மூடியாகத்தான் பார்க்கிறோம். அதன் முக்கிய வேலை காற்றைக் கட்டுப்படுத்துவது. பிளேடின் பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வளைவு கீழிருந்து காற்றை மேலே இழுக்கிறது. சாய்ந்து கிடக்கும் புல்லை நிமிர்த்தி வெட்டுக்குக் கொடுப்பது அந்தக் காற்று. வெட்டுப்பட்ட துணுக்குகளை டெக்குக்குள் சுழற்றி, பக்கவாட்டு வாய் வழியாக வெளியேயோ பின்னால் தொங்கும் பைக்குள்ளோ தள்ளுவதும் அதே காற்று. 53 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அதன் முனை மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அவ்வளவு வேகத்தில் கிளம்பும் காற்று தடையில்லாமல் ஓடும்வரை பெரும்பாலான துணுக்குகள் தகட்டில் தங்காமல் வெளியேறிவிடும்.

சிக்கல் சாற்றில் தொடங்குகிறது. பசும்புல்லின் எடையில் முக்கால் பங்கு போலத் தண்ணீர்தான். மீதியில் நாரும் சர்க்கரையும் புரதமும் இருக்கின்றன. வெட்டுப்பட்டதும் அந்தச் சாறு தகட்டில் தெறிக்கிறது, அதன்மேல் துணுக்கு ஒட்டுகிறது, துணுக்கின் மேல் இன்னொரு துணுக்கு. காய்ந்ததும் சுவரில் தட்டிய வரட்டி மாதிரி இறுகிவிடுகிறது. வழவழப்பாக இருந்த தகடு சொரசொரப்பாகிறது. அதில் உரசிக் காற்று வேகம் இழக்கிறது, வேகம் குறைந்த காற்றிலிருந்து இன்னும் அதிகத் துணுக்கு படிகிறது. முதல் படலம்தான் மற்ற எல்லாவற்றையும் கூட்டி வருகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி வேலைகளின் நியாயம் தானாகப் புரியும்.

ஒரு மழைக்காலத்தில், அடைந்த பத்தை ஒன்றைப் பெயர்த்துக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் அன்றைக்கு வெட்டிய புல், ஈரப் பச்சையாக. அதற்குள்ளே வைக்கோல் நிறத்தில் இறுகிய ஓர் அடுக்கு. தகட்டை ஒட்டியிருந்த கடைசி அடுக்கு கறுத்து, புளித்த வாடையோடு பிசுபிசுவென்று இருந்தது. அதன் பின்பக்கத்தில் டெக்கின் பெயின்ட் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டு வந்தது. செதில்களின் முதுகில் துரு. நடுவில் இருப்பது காய்ந்து இறுகி மூடிபோல் நின்றுவிடுவதால் தகட்டை ஒட்டிய ஈரம் வெளியேற வழியில்லை. புல்வெட்டி நிழலில் நின்றுகொண்டிருக்கும் நாட்களிலும் இரும்பு நனைந்தபடியே இருக்கிறது. உரம் போட்ட புல்வெளி என்றால் துணுக்கோடு உரத்தின் உப்பும் சேர்ந்துவிடும், துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். அதனால்தான் உரம் தூவுவதற்கு முன்பே வெட்டிவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

அடைசல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் படிவதில்லை. அடுத்த முறை டெக்கை நிமிர்த்தும்போது சுரண்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் பாருங்கள். பிளேடின் முனை சுற்றும் வட்டத்துக்கு நேர் மேலே தகடு ஓரளவு சுத்தமாக இருக்கும். மூலைகளிலும், உள்தடுப்புகளுக்குப் பின்னாலும், வெளித்தள்ளும் வாயின் விளிம்பிலும், நடுவில் தண்டைச் சுற்றியும் தடித்துக் கிடக்கும். காற்று எங்கே தயங்குகிறது என்பதை அந்தப் படிவு அப்படியே காட்டிக்கொடுக்கிறது. நான் வாயின் விளிம்பைத்தான் முதலில் கவனிப்பேன். அங்கே கொஞ்சம் அடைத்தாலும் வெளியேற வேண்டிய புல் உள்ளேயே மறுபடி சுற்றி, மற்ற இடங்களையும் நிரப்பிவிடும்.

இனி தடுக்கும் வழிகள். முதலாவதும் பெரியதும் ஈரம். பனி காயாத காலையிலும் மழை விட்ட கையோடும் வெட்டினால் வேறு எதைச் செய்தும் பலன் குறைவு. ஈரத் துணுக்கு கனமானது, காற்று அதைத் தூக்க முடியாமல் தகட்டில் அறைந்துவிடுகிறது. மேலே தொட்டுப் பார்த்து உலர்ந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். நுனி காய்ந்திருக்கும், அடித்தண்டு நனைந்திருக்கும். கையை வேர்வரை நுழைத்துப் பார்க்க வேண்டும். வெட்டத் தொடங்கிய பிறகும் ஒரு சோதனை உண்டு. இயந்திரத்தை அணைத்துவிட்டு, வெளியே விழுந்த துணுக்கில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் தொடரலாம். உருண்டையாக நின்றால் நிறுத்திவிட்டு, வெயில் ஏறியபின் வருவது நல்லது. காலைப் பனி காய்ந்தபிறகு தொடங்கி மறுபனி இறங்குவதற்குள் முடிப்பது எனக்கு ஒத்துவருகிறது.

எந்நேரமும் மழை பெய்யும் பருவத்தில் உலர்ந்த நேரம் கிடைக்காமல் போகலாம். அப்போது வெட்டும் உயரத்தை ஒரு படி கூட்டிவிடுவேன். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்று புல்வெளிக்காரர்கள் சொல்வது புல்லின் நலனுக்காக. டெக்குக்கும் அதே கணக்கு பொருந்துகிறது. 9 சென்டிமீட்டர் வளர்ந்த புல்லை 6-க்குக் கொண்டுவருவது வேறு, 15 வளரவிட்டு 5-க்கு இறக்குவது வேறு. இரண்டாவதில் டெக்குக்குள் போகும் புல்லின் அளவு அந்தக் கூடு தாங்குவதைவிட அதிகம். வளர்ந்துவிட்டால் உயர்த்தி வைத்து ஒரு முறை, ஓரிரு நாள் விட்டு இறக்கி வைத்து இன்னொரு முறை என்று பிரித்து எடுங்கள். டெக்கின் முழு அகலத்துக்கும் புல்லைக் கொடுக்காமல், ஏற்கெனவே வெட்டிய தடத்தின் மேல் பாதி ஏறும்படி ஓட்டினாலும் சுமை பாதியாகும். வெளித்தள்ளும் வாய் வெட்டி முடித்த பக்கத்தைப் பார்த்து இருக்கட்டும். வெட்டாத பக்கம் திரும்பியிருந்தால் விழுந்த துணுக்கையே மறுபடி உள்ளே இழுத்து அரைக்க வேண்டிவரும்.

அடுத்தது வேகம். இன்ஜின் வேகமாகவும் நடை மெதுவாகவும் இருக்க வேண்டும். வழக்கத்தில் இது பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. எங்களோடு புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் சத்தம் குறையட்டும் என்று த்ராட்டிலைப் பாதியில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டிகளைப் பழுது பார்க்க வரும் மெக்கானிக் அண்ணன் அதைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவனிடம் போய்ச் சொன்னார். "தம்பி, பிளேடு சுத்துறது குறைஞ்சா காத்தும் குறையும். புல்லு வெளிய போகாது, அடியிலயே அப்பிக்கும். சாயங்காலம் நீதான் உட்கார்ந்து சுரண்டணும்." "சரிங்கண்ணே" என்று அவன் த்ராட்டிலை முழுதாக ஏற்றினான். அன்றைக்கு மீதி வெட்டிய தடத்தில் கட்டி விழவில்லை. த்ராட்டில் பிடியே இல்லாமல் ஒரே வேகத்தில் ஓடும் இயந்திரங்களில் இந்தக் கவலை இல்லை, நடையை மட்டும் குறைத்தால் போதும். இன்ஜின் சத்தம் தணிந்து முனகத் தொடங்கினால் புல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

பிளேடின் கூர்மை வெட்டுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். மழுங்கிய பிளேடு புல்லை அறுக்காமல் கிழிக்கிறது. கிழிபட்ட இலை நசுங்கி அதிகச் சாறு கக்குகிறது, அந்தச் சாறுதான் பசை. வெட்டிய மறுநாள் புல் நுனிகள் வெளுத்துப் பிசிறாகத் தெரிந்தால் தீட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. பழைய சாய்வைப் பின்பற்றியே அரத்தால் தேயுங்கள், சவரக் கத்தி அளவுக்கு மெல்லிய விளிம்பு வேண்டாம், அது கல்லில் பட்டவுடன் மடங்கும். தேய்த்தபின் நடு ஓட்டையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் கனமான பக்கத்தில் இன்னும் கொஞ்சம் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் பேரிங் கெடும்.

கூர்மையைப் பார்ப்பவர்களும் அந்தப் பின்விளிம்பு வளைவைக் கவனிப்பதில்லை. மணல் கலந்த தரையில் ஓடும் பிளேடுகளில் வளைவு தேய்ந்து காகிதம் போல மெலிந்துவிடும். வெட்டும் விளிம்பு நன்றாக இருந்தாலும் காற்றை இழுக்கும் திறன் போய்விடும். மெலிந்த வளைவு உடைந்து பறக்கவும் கூடும், ஆகவே அப்படிப்பட்ட பிளேடைத் தீட்டிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். மாட்டும்போது வளைவு டெக்கைப் பார்த்து மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிய பிளேடு புல்லை அடித்துச் சாய்க்கும், எதையும் தூக்கி வெளியே தள்ளாது.

துணுக்கை டெக்குக்குள்ளேயே பலமுறை பொடியாக்கித் தரையில் உதிர்க்கும் மல்ச்சிங் முறை மண்ணுக்கு நல்லது, எனக்கும் பிடித்தது. ஆனால் புல் அதிக நேரம் உள்ளே சுற்றுவதால் அடைவதும் அதில்தான் அதிகம். உலர்ந்த பருவத்தில், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வெட்டும் இடங்களில் மட்டும் அதை வைத்துக்கொள்கிறேன். மழை தொடங்கியதும் வாயை அடைக்கும் மூடியைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் தள்ளும் முறைக்கு மாறிவிடுவேன். உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளில் டெக்கின் சாய்வும் பார்க்க வேண்டியது. முன்பக்கம் பின்பக்கத்தைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும்படி வைப்பது வழக்கம். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. பின்பக்கம் தாழ்ந்துவிட்டால் வெட்டுப்பட்ட புல் மறுபடி பிளேடில் சிக்கிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு செய்தும் கொஞ்சம் படியத்தான் செய்யும். அதை எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம். ஈரமாக இருக்கும்போது பிளாஸ்டிக் தகட்டால் வழித்தால் வந்துவிடுகிற புல், மறுநாள் உளி கேட்கும். வெட்டி முடித்து இன்ஜின் ஆறுவதற்குக் காத்திருக்கும் நேரம் போதும், அன்றைக்கே வழித்துவிடலாம். சுவருக்குப் பட்டி பார்க்கும் பிளாஸ்டிக் தகடு இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். அகலமான மரச் சிம்பும் உதவும். கூரான இரும்புச் சுரண்டி பெயின்டைக் கீறிவிடும். அந்தக் கீறலில்தான் துருவும் அடுத்த அடைசலும் பிடிக்கின்றன. காய்ந்து இறுகியதை எடுத்தே ஆகவேண்டும் என்றால், ஈரச் சாக்கை அரைமணி நேரம் ஒட்டினாற்போல் வைத்து ஊறவிட்டுப் பிறகு வழியுங்கள்.

இதில் பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விரல் போகிற வேலை இது. பெட்ரோல் இயந்திரத்தில் முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, பிளக்கைத் தொடாதபடி தள்ளி வையுங்கள். பிளேடைக் கையால் திருப்பினால் இன்ஜினும் சேர்ந்து திரும்பும், வயர் மாட்டியிருந்தால் அது உயிர் பெறக்கூடும். பேட்டரி இயந்திரத்தில் பேட்டரியையும் சாவியையும் எடுத்துவிட வேண்டும். தடித்த கையுறை அவசியம். இரண்டு மூன்று பிளேடு உள்ள டெக்கில் ஒன்றைத் திருப்பினால் பெல்ட் வழியாக மற்றதும் திரும்பும். ஒரு கை ஒரு பிளேடிலும் மறு கை இன்னொன்றின் அருகிலும் இருக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. உட்கார்ந்து ஓட்டும் வண்டியை ஜாக்கியில் மட்டும் தூக்கி வைத்துவிட்டு அடியில் கை நீட்டவே கூடாது. உறுதியான தாங்கி கொடுக்க வேண்டும், அல்லது டெக்கையே கழற்றி வெளியே எடுத்துவிட வேண்டும். கழற்றுவது முதல் முறை சலிப்பாக இருக்கும், பழகிவிட்டால் அதைவிட வசதியான வழி இல்லை.

தள்ளும் இயந்திரத்தைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் வானத்தைப் பார்க்க வேண்டும். வேறு பக்கம் சாய்த்தால் இன்ஜின் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது புகை மண்டும், சில நேரம் ஸ்டார்ட்டே ஆகாது. பெட்ரோல் தீரும் தறுவாயில் சுத்தம் செய்வது என்று வைத்துக்கொண்டால் டேங்க் மூடி வழியாக ஒழுகும் தொல்லையும் இல்லை.

சில டெக்குகளின் மேலே தண்ணீர்க் குழாய் மாட்டும் முனை இருக்கும். ஹோஸை மாட்டி, தண்ணீரைத் திறந்து, பிளேடைச் சில நிமிடம் ஓடவிட்டால் உள்ளே கழுவிவிடும். வெட்டிய உடனே செய்தால் உண்மையிலேயே நல்ல பலன் தருகிறது. காய்ந்து இறுகியதை அது அசைக்காது. கழுவியதும் தண்ணீரை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நிமிடம் பிளேடை வெறுமனே சுற்றவிட்டு உலர்த்துங்கள், கழுவிய ஈரத்தோடு நிறுத்தி வைப்பது அடைசலை விட்டு வைப்பதற்குச் சமம். அழுத்தமாகப் பீய்ச்சும் கழுவும் இயந்திரத்தைப் பிளேடு தண்டின் பேரிங் பக்கம் காட்ட வேண்டாம். பேரிங்கை மூடியிருக்கும் சீல் வளையத்தைத் தாண்டித் தண்ணீர் போனால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறி, பேரிங் கொஞ்ச நாளில் கீச்சிடத் தொடங்கும். பேட்டரி இயந்திரங்களில் கையேடு அனுமதித்தாலொழிய தண்ணீர் வேண்டாம். வழித்து, பிரஷால் தட்டி, துணியால் துடைத்தால் போதும்.

ஒட்டாமல் இருக்க ஸ்ப்ரே அடிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அடிக்கலாம், ஆனால் மேலே சொன்னவற்றுக்கு மாற்றாக அல்ல. சிலிகான் ஸ்ப்ரேயும் உலர்ந்த டெஃப்லான் ஸ்ப்ரேயும் சில முறை வெட்டும்வரை உதவுகின்றன. புல்லோடு சேர்ந்து பறக்கும் மணல் உப்புத்தாள் தேய்ப்பதுபோல் அவற்றைத் தேய்த்துவிடுகிறது. திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கும், தரையில் பட்டால் நாம் வழுக்குவோம், ஆகவே மறைத்துக்கொண்டு அடியுங்கள். சமையல் எண்ணெய் முதல் நாள் அருமையாகத் தெரியும், காய்ந்ததும் அதுவே பிசினாகிவிடும். கழிவு இன்ஜின் ஆயிலைத் தடவும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிக் கேட்கிறேன். தூசியைப் பிடித்து வைப்பது ஒரு பக்கம், சொட்டுகிற இடத்தில் புல் கருகும், மண்ணும் கெடும்.

என் அனுபவத்தில் ஸ்ப்ரேயைவிட நின்று பயன் தருவது வழவழப்பான பெயின்ட். வெட்டு வேலை குறைந்த பருவத்தில் பிளேடைக் கழற்றிவிட்டு, கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் துருவை வெறும் இரும்பு தெரியும்வரை எடுத்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு கோட் பெயின்ட் அடிப்பேன். கிராஃபைட் கலந்த வழுக்குப் பூச்சு கிடைத்தால் அதையே கடைசிக் கோட்டாக அடிக்கலாம், காய்ந்தபின் கையால் தடவினால் பென்சில் முனையைத் தொட்டது போல வழுவழுப்பாக இருக்கும். முழுதாகக் காயும்வரை பொறுமையாக இருங்கள். அலுமினிய டெக்கில் செந்துரு பிடிக்காது என்றாலும் உரத்தின் உப்பு அதையும் அரிக்கும், வெள்ளைப் பொடியாகத் தெரியும். பிளாஸ்டிக் டெக்கில் துருக் கவலையே இல்லை, ஆனால் காற்றோட்டம் தடைபடுவது அதிலும் அப்படியேதான்.

அடிப்பக்கத்தில் கவனம் வைத்து மேல்பக்கத்தை விட்டுவிடக் கூடாது. பெல்ட் மூடிக்கு உள்ளே, பெல்ட் ஓடும் சக்கரங்களைச் சுற்றி உலர்ந்த துணுக்கு சேரும். பெல்ட் சூடேறித் தேயும். சைலன்சர் அருகே சேர்ந்தால் தீப்பற்றவே வாய்ப்பு உண்டு. இன்ஜின் ஆறியபின் இலை ஊதும் கருவியாலோ பிரஷாலோ தட்டிவிடுவது ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய வேலை.

ஏற்கெனவே துரு தின்ற டெக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சுரண்டி முடித்ததும் சிறு சுத்தியலால் தகட்டை மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும், சில இடத்தில் அப்படியே பொத்துக்கொண்டு போகும். ஓரப் பாவாடையில் சின்ன ஓட்டை என்றால் தகடு வைத்து வெல்டிங் செய்துகொள்ளலாம். தள்ளும் இயந்திரத்தில் இன்ஜின் அந்தத் தகட்டில்தான் போல்ட் போட்டு நிற்கிறது, பிளேடும் அந்த இன்ஜினில்தான் தொங்குகிறது. போல்ட்டுகளைச் சுற்றி விரிசலோ உளுத்த சத்தமோ இருந்தால் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்திவிட்டு, இன்ஜினை வேறு டெக்குக்கு மாற்றப் பாருங்கள்.